இலவச சர்க்கரை நோய் முகாம்: தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மக்கள் கவனத்திற்கு

எங்கள் பகுதியில் திருமண மண்டபங்களை வாடகைக்கு எடுத்து ‘இலவச சர்க்கரை நோய் முகாம்’ நடத்திவரும் ஒரு கூட்டத்தாரிடம் என் பெரியம்மா பணத்தோடு உடல்நலத்தையும் பறிகொடுத்திருக்கிறார். அவர்கள் ஏமாற்றும் விதம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

முகாமில் வரிசையில் நின்ற அனைவருக்கும் முதலில் சர்க்கரை போட்ட தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, சற்று நேரம் உட்காரவைத்த பிறகே விரலில் குத்திப் பார்த்தார்கள். குளுக்கோமீட்டர் 318 காட்டியது. பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சாப்பிட்டுவரும் பெரியம்மாவிடம், வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், “அம்மா, அந்த மாத்திரைதான் உங்க கிட்னியைக் கெடுக்குது, இன்னைக்கே நிறுத்திடுங்க” என்று சொல்லி, 8,400 ரூபாய்க்குச் சூரணப் பொட்டலங்களைக் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். அப்போது 182. பாதிக்குப் பாதி இறங்கிவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் அறிவித்து, மறு தவணைக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

மோசடியே இதில்தான் இருக்கிறது. தேநீர் குடித்தபின் எடுத்த அளவையும் வெறும் வயிற்றில் எடுத்த அளவையும் ஒப்பிடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வெறும் வயிற்று அளவு 80 முதல் 130க்குள் இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. அப்படியிருக்க, 182 என்பது நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கான சான்று. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிக்கொடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் தேவையில்லை என்று தட்டிக் கழித்தார்கள். பின்னர் அரசு மருத்துவமனையில் எடுத்தபோது அது 10.9 என்று மிக அதிகமாக இருந்தது. சர்க்கரையால் பெரியம்மாவின் கால் மரத்துப்போயிருந்ததால், கட்டைவிரலுக்கு அடியில் புண் சீழ் பிடித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பாயில் கறை பட்டிருந்ததைப் பார்த்து என் அண்ணிதான் கண்டுபிடித்தார்.

சிறுநீரகத்தைக் கெடுப்பது நீண்ட நாள் கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ உண்டு. ஆனால் அதை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அல்ல.

அந்தப் பொட்டலத்தில் உற்பத்தி உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. சித்த மருத்துவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. முறைப்படி தயாரிக்கப்படும் சித்த மருந்தில் இவையெல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது.

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன; 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். மாத்திரையை நிறுத்தியவர்கள் தயவுசெய்து நாளையே போய் மருத்துவரைப் பாருங்கள். நாங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இவர்களிடம் வாங்கிய மற்றவர்கள் பொட்டலத்தையும் ரசீதையும் தூக்கி எறியாமல் எடுத்து வைத்திருந்தால், அவற்றையும் அந்தப் புகாரோடு சேர்க்க முடியும்.