எஞ்சின் பே ஸ்மூத்திங்கில் 68,000 ரூபாய் போச்சு: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை

நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் 1996 மாடல் மாருதி ஜென்னுக்கு எஞ்சின் பே ஸ்மூத்திங் செய்து தருகிறோம் என்று 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பொறித்திருந்த சேசிஸ் நம்பரையே கிரைண்டரால் தேய்த்துவிட்டு, மேலே பட்டி (பெயிண்டுக்கு முன் மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பூசிக் கொடுத்திருக்கிறார்கள். கோவைப் பக்கம் உள்ள ஒரு கஸ்டம் கார் பட்டறை. புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே போடவில்லை, இன்பாக்ஸில் வந்தும் கேட்காதீர்கள். பழைய வண்டியை ஆசையாக எடுத்துச் சரிபண்ணுகிற தம்பிகள் இவர்கள் மாதிரி ஆட்களிடம் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எது வரை ஸ்மூத் பண்ணலாம், எங்கே நிறுத்தணும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: பானெட்டைத் திறந்தால் உள்ளே கண்ட இடத்தில் ஓட்டை, பிராக்கெட், வயர் கிளிப் என்று இருக்கும். அதில் வேண்டாததை வெட்டி எடுத்து, ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி, தேய்த்து, பிரைமர் போட்டு, பாடி கலரிலேயே பெயிண்ட் அடிப்பதுதான் ஸ்மூத்திங். ஜென்னின் 993 சிசி அலுமினிய எஞ்சினை வேலைக்காக எப்படியும் கீழே இறக்கியிருந்தோம். பே காலியாக இருக்கும்போதே இதையும் முடித்துவிட்டால் மறுபடி எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. நான் கேட்டது கொஞ்சம்தான். முன்னாள் ஓனர் அலாரத்துக்கும் ஆம்ப் வயருக்கும் போட்ட ஓட்டைகளை அடைக்கணும், பேட்டரி ட்ரேக்குக் கீழே ஆசிட் தின்ற தகட்டை மாற்றணும், வயரிங்கைக் கொஞ்சம் ஓரமாக ஒதுக்கணும். இதற்குப் பட்டறைக்காரர் முதலில் சொன்னது 40,000.

நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பட்டறைக்காரர் ஒரு பழைய எஸ்டீம் காரின் பானெட்டைத் திறந்து காட்டினார். பேயின் பக்கவாட்டில் இருக்கும் ஏப்ரன் தகட்டில் மேலே இருந்த டியூப்லைட் நெளியாமல் நேர்கோடாகத் தெரிந்தது. "விரல் வச்சுத் தடவிப் பாருங்ணா" என்றார். தடவினேன், எங்கே ஓட்டை இருந்தது என்றே தெரியவில்லை. அதைவிட அவர் பேச்சுதான் என்னைச் சாய்த்தது. "காஸ் வெல்டிங் வச்சா தகடு வளைஞ்சிருங்ணா. நாங்க சிஓடூ-லதான் வைப்போம். அதுவும் ஒரே இழுப்பா இழுக்க மாட்டோம், புள்ளி புள்ளியா வச்சு ஆறவிட்டு வைப்போம்" என்றார். சிஓடூ என்றால் கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு வைக்கும் மின்சார வெல்டிங். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியான விஷயம். மெல்லிய பாடித் தகட்டில் அப்படித்தான் வைக்கணும். பக்கத்திலேயே சிஓடூ செட்டும் சிலிண்டரும் இருந்தன. நான் கேட்காமலே, "சேசிஸ் நம்பர் மேல டேப் ஒட்டிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்போம்" என்றும் சொன்னார். நான் கேட்காமலே! அந்த ஒரு வார்த்தையில்தான் வண்டியை விட்டுவிட்டு வந்தேன். 40,000 அட்வான்ஸ், ஜிபேயில்.

வேலை ஆரம்பித்த பிறகு போன் வந்தது. "பாதி பண்ணினா பாதி மீசை எடுத்த மாதிரி இருக்குங்ணா. ஸ்ட்ரட் டவர் சீமையும் மூடிரலாம், ஃபயர்வாலையும் ஒரே பிளேட்டா கொண்டுவந்துரலாம்." ஸ்ட்ரட் டவர் என்பது சஸ்பென்ஷனின் மேல்முனை வந்து மாட்டும் இடம், சீம் என்பது அங்கே தகடுகள் சேரும் இணைப்பு. சீமில் கை வைத்தால் விரிசல் வராதா என்று கேட்டேன். "வெல்டிங் வச்சுத்தானேங்ணா மூடறோம், எப்படி வரும்?" என்றார். தொகை 68,000 ஆனது. வெல்டிங்குக்கு, மெட்டல் வேலைக்கு என்று சொல்லித்தான் அந்த 28,000-ஐ ஏற்றினார். வாட்ஸ்அப்பில் அந்த மெசேஜ் அப்படியே இருக்கிறது.

வண்டி வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. என் மெக்கானிக் எஞ்சினை ஏற்றினார். முதல் நாளே ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது, ஹெட்லைட் மங்கல். பார்த்தால் பாடி எர்த் பாயின்ட் (எர்த் வயரைப் பாடித் தகட்டில் மாட்டும் இடம்) மேலேயே பிரைமரும் பெயிண்டும் அடித்து, அதன் மேல் போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். மெக்கானிக் அதைத் தகடு தெரியச் சுரண்டி மாட்டியதும் சரியானது. அவசரத்தில் நடந்திருக்கும் என்று விட்டோம். அப்புறம் கொஞ்ச நாள் ஓட்டியதும் வலது ஸ்ட்ரட் டவரைச் சுற்றி முடி மாதிரி ஒரு கோடு. அடுத்த வாரம் அது நகம் நுழைகிற விரிசல்.

நேற்று ராத்திரி பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து பே முழுக்க வைத்துப் பார்த்தோம். ஏப்ரன் ஓரத்தில் பட்டென்று ஒட்டியது. ஸ்ட்ரட் டவர் சீமில் வைத்தால் வழுக்கிக் கீழே விழுந்தது. ஃபயர்வாலில் ஓட்டைகள் இருந்த இடத்திலும் அதே கதை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினோம். பெயிண்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஃபைபர் மேட், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில்கூட வெல்டிங் இல்லை! பெயர்ந்து வந்த பட்டித் துண்டு என் சுண்டுவிரல் கனம். பட்டி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது டிங்கரிங் பழகும் பையனுக்குக்கூடத் தெரியும். அதுவும் ஸ்ட்ரட் டவர். பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சஸ்பென்ஷன் அடி நேராக அங்கேதான் போகிறது. கம்பெனியில் அந்த இணைப்பை ஸ்பாட் வெல்டிங் வைத்து, மேலே ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் சீலன்ட் போட்டிருப்பார்கள். அந்த சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வளையாத பட்டியை அப்பினால் விரியாமல் என்ன செய்யும்? விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே துரு பிடித்து, வெளியே தெரியும்போது டவரே போயிருக்கும்.

ஆர்சி புதுப்பிக்க வேண்டிய வருடம் இது. சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பேப்பரை வைத்துத் தேய்த்தேன். பேப்பரில் வெறும் கறுப்பு. பிளேடால் மெதுவாகச் சுரண்டினால், முதல் சில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மீதி இடத்தில் கிரைண்டர் டிஸ்க்கின் வட்டக் கீறல்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சேசிஸ் நம்பர் தேய்ந்த வண்டியைத் திருட்டு வண்டி என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்கள். ஆர்டிஓ அனுமதி இல்லாமல் அதை மறுபடி பஞ்ச் பண்ணவும் முடியாது. எனக்கு வண்டியே கேள்விக்குறி ஆகிவிட்டது.

விரிசல் வந்ததிலிருந்தே போன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் "எஞ்சின் சூட்டுக்கு அப்படித்தாங்ணா வரும், எல்லா வண்டிக்கும் வரும்". அப்புறம் "பெயிண்டர் ஊருக்குப் போயிட்டான், வந்ததும் கொண்டாங்க". அப்புறம் "கோயில் நோம்பி முடியட்டுங்ணா". அதற்கப்புறம் போனை எடுப்பது ஒரு பையன், "ஓனர் வெளியூர்" என்கிறான். அவன் அப்படிச் சொன்ன சாயங்காலமே அந்தப் பட்டறையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புதிதாக ஒரு வண்டியை ஓனர் டெலிவரி கொடுக்கும் வீடியோ வருகிறது. நேற்று ராத்திரி சேசிஸ் நம்பர் போட்டோவை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது. அரை மணி நேரம் கழித்து வந்த பதில்: "ஃபயர்வால் ஒரே பிளேட்டா வேணும்னு நீங்கதான கேட்டீங்க." அண்ணாவும் இல்லை, ஒன்றும் இல்லை. 68,000 ரூபாய் வாங்கும் வரைக்கும்தான் நான் அண்ணா.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். வேண்டாத ஓட்டையை அடைப்பது, துருப்பிடித்த தகட்டை மாற்றுவது, வயரை ஒதுக்குவது, இதோடு நிறுத்துங்கள். ஸ்ட்ரட் டவர் சீம், சேசிஸ் நம்பர் இருக்கும் இடம், எர்த் பாயின்ட், வைப்பருக்குக் கீழே மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை, இந்த நாலிலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வண்டியை விடும் முன்னே சேசிஸ் நம்பரைப் போட்டோவும் பென்சில் பிரின்ட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்து பட்டி போடும் முன்னே நேரில் போய் வெறும் தகட்டைப் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். டெலிவரிக்குக் கையில் காந்தத்தோடு போங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று போன் பண்ணப் போகிறேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், பட்டித் துண்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ஆர்டிஓ ஆபீஸில் சேசிஸ் நம்பர் ரீபஞ்சிங்குக்கு அலைந்தவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன பேப்பர் கேட்டார்கள் என்று கீழே எழுதுங்கள்.