சின்னதாகத் தொடங்குவதா, பெரிதாகத் தொடங்குவதா?

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும் சமயம், எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி. நாற்காலி போட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எட்டுத் தொண்டூழியர்கள் தேவை. ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எப்படிக் கேட்டால் வருவார்கள் என்று யோசித்தபோது, உளவியலில் பேர்போன இரண்டு வழிகள் கண்ணில் பட்டன. இரண்டும் நேர் எதிர்.

ஒன்று, சின்ன உதவியை வாங்கிக்கொண்டு அப்புறம் பெரிதைக் கேட்பது. 1966இல் ஃபிரீட்மனும் ஃபிரேசரும் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். வீட்டு முன்புறம் ‘கவனமாக ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அவலட்சணமான பலகையை நட இடம் கேட்டதும் சம்மதித்தவர்கள் 17 விழுக்காடுதான். பாதுகாப்பாக ஓட்டச் சொல்லும் மூன்று அங்குல அட்டையை ஏற்கெனவே வாங்கி ஒட்டியிருந்தவர்களில் 76.

மற்றது, மறுப்பார்கள் என்று தெரிந்தே பெரிதாகக் கேட்டுவிட்டு இறங்கி வருவது. 1975இல் அரிசோனாவில் சியால்டினி குழுவினர், சிறார் இல்லத்துப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப்போக மாணவர்களைக் கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது இங்கும் 17 விழுக்காடு. இரண்டு வருடம் வாராவாரம் வருவீர்களா என்று முதலில் கேட்டு, மறுப்பு வாங்கிய பிறகு கேட்டபோது 50.

எண்களை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் மேல். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பலகை கேட்டு வந்தவர் புது ஆள், அதுவும் இரண்டு வாரம் கழித்து. அப்படியும் பலித்தது, ஏனென்றால் ‘நான் இப்படிப்பட்ட காரியத்துக்கு உதவுகிறவன்’ என்ற நினைப்பு அந்த வீட்டுக்காரர் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது வழியில், கேட்டவரே அந்த இடத்திலேயே இறங்கி வர வேண்டும். அவர் விட்டுக்கொடுத்தார், நாமும் கொடுப்போம் என்ற கணக்கு அது. ஆள் மாறினால் பலிக்கவில்லை.

தேக்கா சந்தையில் பேரம் பேசி வளர்ந்தவர்களிடம் இந்தக் கணக்கு செல்லுமா? நான்காம் மாடி அக்காவிடம், “மாதம் முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் வர முடியுமா?” என்று ஆரம்பித்தேன். சிரித்துவிட்டார். “உள்ள விலையைச் சொல்லுங்க தம்பி, எத்தனை மணிக்கு வரணும்?”

முதல் வழியும் சும்மா இல்லை. விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் பகிரச் சொல்லி ஓர் அண்ணனைப் பிடித்தேன். பிறகு நாற்காலி போடவும் வந்தார். இப்போது மின்தூக்கியில் என்னைக் கண்டாலே, “அடுத்து என்ன?” என்கிறார். தெருவில் போகிறவரிடம் ஒரு தடவை கேட்பதற்கும், தினமும் முகம் பார்ப்பவரிடம் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதில் தந்திரமே குறைவு. ‘உங்கள் விருப்பம்’ என்று சேர்த்துச் சொல்வது. பிரான்சில் கெகன், பாஸ்குவல் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பேருந்துக்குச் சில்லறை கேட்டபோது 10 விழுக்காட்டினர் கொடுத்தார்கள். இந்த வார்த்தையைச் சேர்த்ததும் 47.5. என் வோட்டு இதற்குத்தான். மிச்ச ஆட்களுக்கு, “முடியாவிட்டால் பரவாயில்லை” என்று முடித்துச் செய்தி அனுப்பினேன். நான்கு பேர் வருகிறேன் என்றார்கள். மூன்று பேர், “பரவாயில்லை, முடியவில்லை” என்று பதில் போட்டிருந்தார்கள்.