அறுபதுக்குப் பிறகு எந்தத் தியானம்? மூச்சு, உடல், மந்திரம், நடை: ஓர் ஒப்பீடு

தியானம் பழக வரும் வயதானவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஞாபகமறதி பற்றித்தான். அதற்கு நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 65 முதல் 84 வயது வரையுள்ள 585 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2022-இல் வெளியானது. மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும்) பயிற்சி, உடற்பயிற்சி, இரண்டும் சேர்ந்தது, வெறும் சுகாதார வகுப்பு என நான்கு பிரிவுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நினைவாற்றலில் எந்தப் பிரிவும் சுகாதார வகுப்பை முந்தவில்லை. அதே ஆண்டு பிரான்சின் கான் நகரத்திலிருந்து வெளியான ஆய்வில் 65 வயதைக் கடந்த 137 பேர் 18 மாதம் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவுக்குத் தியானம், ஒரு பிரிவுக்கு ஆங்கிலப் பாடம், மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஆராயப்பட்ட மூளைப் பகுதிகளின் பருமனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் கவனத்தைக் கையாள்வது, பிறரோடு உணர்வுபூர்வமாக ஒட்டுவது, தன் மனவோட்டத்தைத் தானே அறிவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில் தியானப் பிரிவு ஆங்கிலப் பிரிவை முந்தியது.

ஆகவே மூளையை இளமையாக்கும் என்று நம்பி எதையும் தொடங்க வேண்டாம். தூக்கம் வரவில்லையா, வலியா, நடையில் தள்ளாட்டமா, தனிமையா? உங்களை வருத்துவது எது என்பதைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூச்சைக் கவனித்தல்

எல்லோருக்கும் முதலில் சொல்லித் தரப்படுவது இதுதான். வயதானவர்கள் அதிகம் கைவிடுவதும் இதுதான். காரணம் பெரும்பாலும் மனம் இல்லை, உட்காரும் விதம். தரையில் சம்மணம் போட்டால்தான் தியானம் என்பதில்லை. தேய்ந்த மூட்டுகளை 20 நிமிடம் மடக்கி வைத்தால் கவனம் முழுக்க வலிக்குத்தான் போகும். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலி போதும். உட்கார்ந்ததும் முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தோ அதே மட்டத்திலோ இருக்க வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் மடித்த கம்பளத்தைக் கீழே வையுங்கள். கீழ்முதுகுக்கு மட்டும் ஒரு சிறு தலையணை. தோள்வரை சாய்ந்துவிட்டால் ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும்.

மூச்சு நாசித் துவாரத்தில் உரசுவதையோ அடிவயிறு எழுந்து தாழ்வதையோ கவனியுங்கள். வெளிமூச்சுக்கு ஒன்று என்று பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை பதினேழு, பதினெட்டு என்று ஓடிவிட்டால் எண்ணிக்கொண்டிருந்தது பழக்கம், நீங்கள் வேறெங்கோ இருந்தீர்கள் என்று பொருள். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும். முதல் இரண்டு வாரம் 8 நிமிடம், பிறகு 15.

பலரும் செய்யும் தவறு, கவனிப்பதை விட்டுவிட்டு மூச்சை நடத்தத் தொடங்குவது. ஆழமாக, வேகமாக இழுத்துவிட்டால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப் போகும். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கும் கும்பகத்தை இதோடு கலக்கக் கூடாது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டலாம். அவர்கள் தொடைமேல் வைத்த உள்ளங்கைகளின் சூட்டைக் கவனிக்கட்டும். இது குறைந்த பயிற்சி அல்ல.

உடலை வலம் வருதல்

கால் பெருவிரலில் தொடங்கி உச்சந்தலைவரை ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்வு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவது இது. 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இதிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே 45 நிமிடம் செய்யச் சொல்வார்கள். தொடக்கத்தில் அதில் பாதியே நிறைவானது. மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணை வையுங்கள், இடுப்பின் இறுக்கம் தளரும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மேலுடம்பை உயர்த்திப் படுக்க வேண்டும்.

தூக்கத்துக்கும் வலிக்கும் மூச்சைவிட இதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஆனால் வலிக்கும் முழங்காலில் தொடங்காதீர்கள். வலியில்லாத கை, காது என்று சுற்றிவிட்டுக் கடைசியில் வலி இருக்கும் இடத்தின் ஓரத்தைத் தொட்டுத் திரும்புங்கள். நேரே அதில் போய் நின்றால் வலி பெரிதாகிறது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 282 முதியவர்களிடம் இதுபோன்ற எட்டு வாரப் பயிற்சியை வைத்து நடந்த ஆய்வில் அன்றாட வேலைத்திறன் எட்டு வார முடிவில் கூடியது, ஆறு மாதத்தில் அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பயிற்சியை விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

நடுவில் தூங்கிவிடுகிறீர்களா? இரவில் என்றால் அது வெற்றிதான். கவனத்தைக் கூர்மையாக்கச் செய்கிறீர்கள் என்றால் காலையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

மந்திரம்

மௌனம் எல்லோருக்கும் இதமானதல்ல. காதில் ஓயாத இரைச்சல் உள்ளவர்களுக்கு அமைதியான அறையில் அது இன்னும் பலமாகக் கேட்கும். அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லும் முறை நல்லது. அப்படி ஒன்றுதான் கீர்த்தன் கிரியா என்ற மந்திரப் பயிற்சி, 12 நிமிடம்தான். ‘ஸா, தா, நா, மா’ என்ற நான்கு ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் முறையே சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரலைத் தொடும். 2 நிமிடம் உரக்க, 2 நிமிடம் கிசுகிசுப்பாக, 4 நிமிடம் மனத்துக்குள், மறுபடி 2 கிசுகிசுப்பு, 2 உரக்க. விரல் மூட்டு வீங்கியிருந்தால் மெல்லத் தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். மனத்துக்குள் சொல்லும் நடு 4 நிமிடத்தில்தான் பலர் தொலைந்துபோகிறார்கள். விரல் நிற்காமல் பார்த்துக்கொண்டால் மனமும் திரும்பிவிடும்.

நினைவிழப்பு நோயாளிகளைப் பராமரிக்கும் 39 குடும்பத்தினரிடம் எட்டு வாரம் நடந்த ஆய்வில், இளைப்பாறும் இசை கேட்டவர்களைவிட இதைச் செய்தவர்களின் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பராமரிப்பில் களைத்து, நாளில் கால் மணி நேரம்கூடத் தனக்கென்று கிடைக்காதவருக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

நடையும் தாய் சீயும்

உட்கார்ந்தாலே கண் சொக்குபவருக்கும், விழுந்துவிடுவோமோ என்று அஞ்சுபவருக்கும் இந்தப் பக்கம்தான் வழி. நடைத் தியானத்துக்குச் சுவரோரம் எட்டு மீட்டர் நீளம் போதும். கை நீட்டினால் சுவர் எட்ட வேண்டும். பார்வை மூன்று மீட்டர் முன்னால் தரையில். கண்ணை மூடவே கூடாது. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதைக் கவனித்து நடக்க வேண்டும்.

காணொளிகளில் வருவதுபோல ஆமை வேகத்தில் போகாதீர்கள். வேகம் குறையக் குறைய ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் நீளும், தள்ளாட்டம் அங்கேதான் வரும். வழக்கமான நடையைவிடச் சற்றே மெதுவாக இருந்தால் போதும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. அவர்களுக்குப் பாதத்தின் உணர்வு சரியாகத் தெரியாது என்பதால் தொடையிலும் இடுப்பிலும் எடை மாறுவதைக் கவனிக்கட்டும்.

மெதுவான, தொடர்ந்த அசைவுகளால் ஆன சீனப் பயிற்சியான தாய் சீக்கு ஆசிரியர் தேவை. தானே கற்றால் முழங்காலை உள்பக்கம் சரியவிட்டு மூட்டுவலியைத் தேடிக்கொள்வார்கள். ஆனால் இங்கே பேசிய எல்லா முறைகளிலும் அழுத்தமான ஆதாரம் இதற்குத்தான் இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேர் வெவ்வேறு பயிற்சிப் பிரிவுகளாக வாரம் இருமுறை ஒரு மணி நேரம், 24 வாரம் பயின்றார்கள். வெறும் தசைநீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சீ பிரிவினர் விழுவது 58 விழுக்காடு குறைந்தது. ஒன்றே ஒன்று பழகத்தான் முடியும், தள்ளாட்டமும் இருக்கிறது என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

கடைசியாக, தனிமைக்கு உரியது மைத்திரி, அதாவது நல்லெண்ணத் தியானம். ‘நலமாக இருக்கட்டும்’ என்ற வாழ்த்தை முதலில் தனக்கும், பிறகு நெருங்கியவருக்கும், முகம் மட்டும் தெரிந்தவருக்கும் சொல்வது. துணையை இழந்தவர்கள் இதைப் போனவரை நினைத்துத் தொடங்கிவிடுகிறார்கள், அழுகையில் முடிகிறது. இறந்தவரை நினைத்து இதைச் செய்யக் கூடாது என்று பழைய பௌத்த விதிகளிலேயே இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரில் தொடங்குங்கள்.

எந்த முறையானாலும் சாப்பிட்ட உடனே வேண்டாம். பதற்றமோ பழைய துயரமோ நாளுக்கு நாள் கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் இறங்கியதுபோல் தெரிந்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்தான நேரம், பயிற்சி முடிந்து எழும் அந்தச் சில நொடிகள். நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று நின்றால் தலை சுற்றும். உட்கார்ந்தபடியே கணுக்காலைப் பதினைந்து முறை மேலும் கீழும் அசையுங்கள், கண் திறந்து ஒரு நிமிடம் இருங்கள், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, அங்கேயே பத்து எண்ணி நின்ற பிறகு முதல் அடி வையுங்கள்.