மெனோபாஸ் அரிப்பும் வறட்சியும்: மாய்ஸ்சரைசர் ஜெல்லா, ஈஸ்ட்ரோஜன் க்ரீமா?

மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்பில் வரும் வறட்சிக்கும் அரிப்புக்கும் வைத்தியம் தேடினால் இரண்டு வழிகள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய ஜெல் வகைகள். இன்னொன்று, டாக்டர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். இது க்ரீம், உள்ளே வைக்கும் சிறு மாத்திரை, வளையம் என்று மூன்று வடிவங்களில் வருகிறது. நான் ஜெல்லில் தொடங்கி க்ரீமுக்கு மாறியவள். அதனால் இந்த அலசல் க்ரீம் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எதையும் வாங்கும் முன் செய்ய வேண்டியவை பலருக்கும் தெரிந்தவைதான். சோப்பு, வாசனை சேர்த்த வைப்ஸ், உள்ளே கழுவும் திரவங்கள், தினமும் வைக்கும் மெல்லிய பேட் எல்லாவற்றையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம். அதிலேயே நிம்மதி கிடைப்பவர்கள் உண்டு. அரிப்பு என்றதும் பூஞ்சைத் தொற்றுக்கான களிம்பைத் தேடிப் போக வேண்டாம். மெனோபாஸுக்குப் பின் பூஞ்சைத் தொற்று வருவது குறைவு. சர்க்கரை நோய் இருந்தாலோ ஹார்மோன் எடுத்துக்கொண்டாலோ வாய்ப்பு கொஞ்சம் கூடும். மரத்துப்போக வைத்து அரிப்பை அடக்கும் பென்சோகைன் களிம்புகள் இன்னும் மோசம். அவையே அலர்ஜியைக் கிளப்பிவிடும்.

அடிப்படைக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவது. அது குறைந்ததும் யோனியின் உட்தோல் மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, கசிவு வற்றுகிறது. உட்தோல் செல்களில் சேமித்திருக்கும் சர்க்கரைப் பொருளான கிளைக்கோஜனை நம்பி வாழும் நல்ல பாக்டீரியாவான லேக்டோபேசில்லஸும் குறைந்துபோகிறது. 4 அல்லது 4.5 அளவில் இருந்த பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் ஏறினால் அமிலம் குறைகிறது) 5-ஐத் தாண்டி ஏறுகிறது. சிறுநீர்க் குழாயும் இதே ஹார்மோனை நம்பியிருப்பதால் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்கின்றன. உடம்பு திடீரென்று தகித்து வியர்ப்பது சில வருடங்களில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். இந்த வறட்சி அப்படித் தானாக அடங்காது. விட்டுவைத்தால் பெரும்பாலும் கூடிக்கொண்டே போகும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்கு இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அதற்கு வருகிறேன்.

ஜெல் வகைகளில் லூப்ரிகன்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது உடலுறவு நேரத்து உராய்வைக் குறைக்க மட்டும்தான். நீர் சார்ந்தது சீக்கிரம் காய்ந்துவிடும், சிலிக்கான் நெடுநேரம் நிற்கும், எண்ணெய் சார்ந்தவை லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்தும். பகலில் உட்காரவிடாமல் பண்ணும் அரிப்புக்கு இதில் பதில் இல்லை.

மாய்ஸ்சரைசர் வேறு. ஹயலுரானிக் அமிலமோ பாலிகார்போஃபிலோ சேர்ந்த ஜெல்லை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உள்ளே வைத்தால் அது உட்தோலில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஹார்மோன் இல்லை, சீட்டு வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம். லேசான வறட்சிக்கு இதுவே போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாங்கும்போது உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் அதிகமாக உள்ள ஜெல் மிக அடர்த்தியானது. அது ஈரம் தருவதற்குப் பதிலாக செல்களில் இருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், எரிச்சலும் கூடும். இந்த அடர்த்திக்கு ஆஸ்மோலாலிட்டி என்று பெயர். லூப்ரிகன்ட்டுகளில் அது 380-க்குள் இருப்பது நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது, பி.எச். 4.5 அளவில் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மாய்ஸ்சரைசருக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். பல டப்பாக்களில் இந்த எண்ணைப் போடுவதில்லை, அதனால் கிளிசரின் பட்டியலின் உச்சியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். நான் பயன்படுத்திய ஜெல் அன்றைக்கு இதமாக இருந்தது, இரண்டு நாளில் பழையபடி ஆனது. மெலிந்த தோலை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை, மேலே ஈரம் பூசுகிறது.

ஈஸ்ட்ரோஜன் அந்தத் தோலையே திரும்பத் தடிக்க வைக்கிறது. கிளைக்கோஜனும் லேக்டோபேசில்லஸும் திரும்பி வருகின்றன, பி.எச். இறங்குகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை என்பதுதான் வழக்கமான முறை. சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு 12 வாரம்வரை ஆகலாம். தொடக்கத்தில் க்ரீம் கொஞ்சம் எரியும், மெலிந்த தோலில் எது பட்டாலும் எரியத்தான் செய்யும். சிறுநீர்த் தொற்று விஷயத்தில் இதன் பலன் பெரியது. 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) க்ரீம் போட்ட பெண்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.5 தொற்று வந்தது, மருந்து சேர்க்காத போலி க்ரீம் போட்டவர்களுக்கு 5.9. ஜெல் எதுவும் இந்த வேலையைச் செய்யும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2018-ல் 302 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் (இதுவும் ஈஸ்ட்ரோஜன் வகைதான்) மாத்திரை, மாய்ஸ்சரைசர் ஜெல், போலி மருந்து மூன்றையும் 12 வாரம் ஒப்பிட்டார்கள். மூன்று குழுவிலும் தொந்தரவு கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைந்தது. ஜெல்லை நம்புகிறவர்கள் தாராளமாக இதைக் காட்டலாம். என் பக்கத்து வாதம் இது: அவர்களில் பெரும்பாலோரின் முதல் புகார் உடலுறவு வலி, அரிப்பைச் சொன்னவர்கள் சிறுபான்மை. போலி மருந்துக் குழுவுக்கும் ஒரு ஜெல் கொடுத்திருந்தார்கள், அதுவும் ஈரம் தரக்கூடியதுதான். 12 வாரத்துக்கு மேல் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. எனக்கோ அந்த 12 வாரத்தைவிட அடுத்த 12 வருடம்தான் முக்கியம்.

தீர்மானிக்கிற விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான். இந்தத் தொந்தரவு முடிந்துபோகிற ஒன்றில்லை. நிறுத்தினால் க்ரீமின் பலனும் சில வாரங்களில் மெல்லப் போய்விடும். ஆக, எது நன்றாக வேலை செய்கிறது என்பதோடு கேள்வி முடியவில்லை. களைப்பான இரவில், வெளியூரில், அலுப்பு தட்டிய பிறகும் எதை விடாமல் தொடர முடியும் என்பதையும் கேட்க வேண்டும். ஜெல்லில் ஒருமுறை தவறினால் உடனே தெரிந்துவிடும், இரண்டாம் நாளே அரிப்பு வந்து நினைவூட்டும். ஈஸ்ட்ரோஜனில் ஒரு முறை விட்டுப்போனால் தோல் தாங்கிக்கொள்கிறது. வாரத்தில் இரண்டு கிழமைகளை ஒதுக்கிவிட்டால் மற்ற நாளில் இந்த நினைப்பே வராது. உள்ளே வைக்கும் பிராஸ்டெரோன் என்ற இன்னொரு மருந்து 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பலனும் நல்லதுதான். ஆனால் அதைத் தினமும் இரவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் என்பது எனக்கு ஒத்துவராது, உங்களுக்கு வரலாம்.

இந்தக் கணக்கில் ஈஸ்ட்ரோஜன் வடிவங்களுக்குள்ளும் போட்டி உண்டு. சுத்தம், சுலபம் என்று பார்த்தால் மாத்திரைதான் முதலிடம்: அப்ளிகேட்டரில் சின்னதாக ஒன்று, வழிவதில்லை, கழுவ வேண்டியதில்லை. க்ரீம் கசியும், உள்ளாடையில் படியும், போட்டவுடன் உடலுறவு கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் நான் க்ரீமில் நிற்பதற்கு ஒரே காரணம், எனக்கு அரிப்பு வாசலிலும் வெளி உதடுகளிலும்தான். உள்ளே வைக்கும் மாத்திரை அங்கே அவ்வளவாக எட்டாது. க்ரீமை விரல் நுனியில் எடுத்து அந்த இடத்திலேயே தடவலாம். அளவை மட்டும் டாக்டர் சொன்னதைத் தாண்ட வேண்டாம். உள்வறட்சிதான் பிரச்சினை என்றால் யோசிக்காமல் மாத்திரையைக் கேளுங்கள். வளையத்தை ஒருமுறை பொருத்தினால் மூன்று மாதம் அப்படியே இருக்கும், பராமரிப்பில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. நான் வைத்துப் பார்த்ததில்லை. வெளி அரிப்புக்கு அது எவ்வளவு உதவும் என்பதை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பயம்தான் பலரை ஜெல்லிலேயே நிறுத்துகிறது. டப்பாவுக்குள் இருக்கும் துண்டறிக்கையில் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம் என்று படித்துவிட்டு க்ரீமைத் திறக்காமலே வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். அந்த எச்சரிக்கைகளின் வேர், 2002-ல் வெளியான பெரிய ஆய்வொன்று. அது வாய்வழி ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றியது. உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரையை ஓர் ஆண்டு முழுக்கப் போட்டாலும் மொத்தம் 1.14 மில்லிகிராம்தான் ஆகிறது. வாய்வழி ஹார்மோனில் ஒரே நாளில் விழுங்குவதே பெரும்பாலும் 1 மில்லிகிராம். க்ரீமில் அளவு கொஞ்சம் கூடும், ஆனாலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் இந்தக் கட்டம் போட்ட எச்சரிக்கையை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, அதிலும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, கணக்கே வேறு. அவர்கள் ஜெல்லில் தொடங்கி, போதவில்லை என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் பேசித்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

லேசர் சிகிச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2018-ல் எஃப்.டி.ஏ. அதன் விளம்பரங்களுக்கு எதிராக எச்சரித்தது. 2021-ல் ஓர் ஆய்வு அதைப் போலி லேசரோடு ஒப்பிட்டபோது ஓராண்டு கழித்தும் வித்தியாசம் இல்லை. பணத்தை அதில் போட மாட்டேன்.

க்ரீமோ ஜெல்லோ, மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் அரிப்பு அதே இடத்தில் நின்றால் இன்னொரு ட்யூப் வாங்க வேண்டாம். கண்ணாடியில் பாருங்கள்: தோல் வெளுத்து, காகிதம்போல் சுருங்கியிருந்தால் அது லைக்கன் ஸ்க்ளெரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் அதைத் தீர்க்காது, வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. ஆறாத புண், கட்டி, மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம், எதைப் பார்த்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.