பாண்டியனும் சந்திரசேகரனும்: அடுத்து எந்தப் பெருநாவல்?

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலையும் அடுத்தடுத்து வாசித்து முடித்திருக்கிறேன். முன்னது நூலாக வந்தது 1972இல், பின்னது 1977இல். இரண்டிலும் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் ஒரு தமிழ் இளைஞன் இருக்கிறான். அவன் வாழும் ஊரில், அவன் கண்ணெதிரிலேயே ஓர் ஆட்சி சரிகிறது. முதல் நாவலின் பாண்டியன் இருக்கும், சுமத்ராத் தீவின் மேடான் நகருக்குள் 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை நுழைகிறது, டச்சுக்காரர்களின் ஆட்சி ஒரே நாளில் கலைகிறது. இரண்டாவதின் சந்திரசேகரன் இருக்கும் செகந்தராபாத்தில் 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வருகிறது, நிஜாமின் அரசு சில நாட்களுக்குள் முடிந்துபோகிறது. இவ்வளவு நெருக்கமான இரண்டு கதைகளை இத்தனை எதிரெதிரான வழிகளில் சொல்ல முடியும் என்பதே எனக்குப் பெரிய வியப்பு. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

முதலில் பாண்டியன். ஊரை விட்டுக் கடல் கடந்து, வட்டிக்கடைக்கு வேலைக்கு வந்தவன். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலையாட்கள் படிப்படியாக அடுக்கப்பட்ட கிட்டங்கி (வட்டிக்கடை) உலகத்தைச் சிங்காரம் கேள்விப்பட்டு எழுதவில்லை. 1938இல் அவரே மேடானுக்கு வேலைக்குப் போனவர், போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர். அந்த அனுபவத்தின் உறுதி முதல் பக்கத்திலிருந்தே தெரிகிறது. ஜப்பானியர் நுழையும்போது தெருவில் கூடும் கூட்டம், உடைபடும் கடைகள், கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டிப் பொதுவில் வைக்கும் புதிய எசமானர்கள் என்று நாவல் தொடங்கும் வேகத்தில் நமக்கு மூச்சு விட நேரமில்லை. பிறகு பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், ஜாவா, மீண்டும் சுமத்ராவின் காடு என்று பாண்டியன் போய்க்கொண்டே இருக்கிறான். தொங்கான் எனப்படும் பாய்க்கப்பலில் அவன் செல்லும்போது புயலில் அகப்படும் அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன். சொற்கள் துண்டு துண்டாக உடைந்து, அலையோடு எழுந்து அலையோடு விழுகின்றன. தமிழ் உரைநடையில் கடலை இவ்வளவு அருகில் வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை.

சந்திரசேகரனுக்கு இப்படிப் போக்கிடம் எதுவும் இல்லை. ரயில்வே ஊழியரின் மகன், கல்லூரி மாணவன், கிரிக்கெட்டில் பித்துள்ளவன். லான்சர் பாரக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போகிறான், வருகிறான். நிஜாமின் ஆட்சியை ஆதரித்த ஆயுதப் படையினரான ரஜாக்கர்கள் தெருவில் அணிவகுத்துச் செல்வதும், அகதிகள் வந்து சேர்வதும், காந்தி கொல்லப்பட்ட செய்தி வருவதும் எல்லாம் அந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான். அசோகமித்திரன் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. ஒரு பகுதியில் 'நான்' என்று பேசுகிறவன் இன்னொரு பகுதியில் 'அவன்' ஆகிவிடுகிறான். வாசிக்கும்போது இதை நான் முதலில் ஒரு உத்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். போகப்போக, ஊரே இரண்டாகப் பிரியும்போது அந்தப் பையனுக்குள்ளும் அதுதான் நடக்கிறது என்று பட்டது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு இருக்கும் சிறு உரசல்கள் ஒரு நாள் வேறு பொருள் கொள்ளத் தொடங்குவதை அவர் காட்டும் விதத்தில் ஒரு வாக்கியம்கூட விளக்கம் சொல்வதற்காக எழுதப்படவில்லை.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வன்முறையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பாண்டியன் வன்முறைக்குள் நடந்து போகிறவன். ஆயுதம் ஏந்துகிறான், கொல்கிறான், திட்டமிடுகிறான். அவனுக்கு அச்சம் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சலிப்பும் எள்ளலும் இருக்கின்றன. தமிழரின் பழம்பெருமை பேசுகிறவர்களை அவனும் நண்பர்களும் கிழித்துத் தொங்கவிடும் உரையாடல்கள் இன்றைக்கும் சூடு ஆறாதவை. 1962இலேயே எழுதி முடிக்கப்பட்ட நாவல் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் துணிச்சல் இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் பாண்டியன் கொல்லும்போது எனக்கு நடுக்கம் வரவில்லை. அவனுடைய கூர்மையான அறிவை ரசித்துக்கொண்டே அந்தப் பக்கங்களைக் கடந்துவிட்டேன். இது நாவலின் குறை என்றே நினைக்கிறேன். நாயகன் மீது ஆசிரியருக்கு இருக்கும் காதல், கொலையின் எடையைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது.

சந்திரசேகரன் யாரையும் கொல்வதில்லை. பெரும்பாலும் அவன் பார்க்கிறவன், ஓடுகிறவன். ஆனால் கடைசிப் பக்கங்களில் கலவரத்துக்கு நடுவே ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறுமி செய்யத் துணியும் காரியத்தைப் பார்க்கிறான். அவள் கண்ணுக்கு அவனும் கலவரக்காரன்தான். அதுவரை தன்னை ஒரு பக்கத்திலும் சேர்த்துக்கொள்ளாத பையன், அவள் பார்வையில் ஒரு பக்கமாக ஆகிவிடுகிறான். இதைப் படித்த பிறகு நான் நாவலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் தொடவில்லை. சிங்காரத்தின் நூற்றுக்கணக்கான பக்கப் போர் செய்யாததை அந்தச் சில பக்கங்கள் செய்துவிட்டன.

மொழியில் கதை தலைகீழ். அசோகமித்திரனின் சொற்களில் மிகையாக ஒன்றுகூட இல்லை, அதனால் ஒரு பத்தியைத் தனியாக எடுத்து வைத்துக் கொண்டாட முடியாது. சிங்காரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொண்டாடலாம். மலாய்ச் சொல்லும் செட்டிநாட்டுப் பேச்சும் சங்க வரியும் ஒரே வாக்கியத்தில் தோள் உரசிக்கொள்கின்றன. மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையும் பாண்டியனின் நினைவில் எழும் இடங்களில் பெயர்கள், கடைகள், மனிதர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஊரைப் பிரிந்தவனுக்கு ஊர் இப்படித்தான் பட்டியலாகத் திரும்பி வரும் என்பது அந்த இடங்களில் எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பெண்களைப் பொறுத்தவரை இரண்டு நாவல்களுமே ஏழைதான், அதில் ஒப்பிட அதிகம் இல்லை.

எனவே என் தீர்ப்பு இதுதான். பெரிய படைப்பு 'புயலிலே ஒரு தோணி'. பிசகில்லாத படைப்பு '18வது அட்சக்கோடு'. ஒருவருக்கு ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டாவதைக் கொடுப்பேன். நான் மட்டும் மறுபடி மறுபடி திறந்து பார்க்கப்போவது முதலாவதை.

அடுத்து என்ன என்ற கேள்விக்கு மூன்று தடித்த நாவல்கள் வரிசையில் நிற்கின்றன. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008), ஜோ டி குருஸின் 'கொற்கை' (2009), பூமணியின் 'அஞ்ஞாடி' (2012). மூன்றுமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவை, மூன்றுமே ஆயிரம் பக்கங்களை ஒட்டியோ தாண்டியோ செல்பவை. மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் எண்ணம் இல்லை. ஒரு பெருநாவலுக்குப் பிறகு மனம் கொஞ்சம் தரிசாகக் கிடக்க வேண்டும்.

இயல்பாகப் பார்த்தால் 'கொற்கை'தான் அடுத்தது. தொங்கானில் இறங்கிய கால் தூத்துக்குடித் தோணியில் ஏறுவதுதானே முறை. துறைமுகமும் பரதவரும் கடல் வணிகமும் 1914இலிருந்து நூற்றாண்டின் இறுதிவரை மாறுவதைச் சொல்லும் நாவல் அது. ஆனால் குருஸின் 'ஆழி சூழ் உலகு' எனக்கு இன்னும் நினைவில் ஈரமாக இருக்கிறது. கடலில் தத்தளிக்கும் மூவரில் தொடங்கி ஆமந்துறை என்ற மீனவ ஊரின் இரண்டு மூன்று தலைமுறைகளை அள்ளிக்கொண்டு வரும் அந்த நாவலின் பேச்சுமொழி, அதன் காற்றுகளின் பெயர்கள், மீன்களின் பெயர்கள் எல்லாம் ஒரு தனி உலகம். அந்த உலகம் பழகிவிட்ட கண்ணோடு 'கொற்கை'க்குள் போனால் புதிதைப் புதிதாகப் பார்க்க மாட்டேனோ என்று அஞ்சுகிறேன். அது இன்னும் சற்றுக் காத்திருக்கட்டும்.

'காவல் கோட்டம்' என்னைத் தயங்க வைப்பதற்குக் காரணம் வேறு. மாலிக் காபூர் படையெடுப்பின் காலத்திலிருந்து 1910 வரை அறுநூறு ஆண்டுகள். மதுரைக் கோட்டை இடிபடுவதும், காவலும் களவும் ஒன்றாகப் பிணைந்த தாதனூர் என்ற ஊரும், அந்த மக்களை நெருக்கும் ஆங்கிலேயச் சட்டமும் அதற்குள் இருக்கின்றன. பொருள் அளவில் மூன்றிலும் இதுவே என்னை அதிகம் இழுக்கிறது. ஆனால் அறுநூறு ஆண்டுகளை ஒரு நாவல் தாங்கும்போது மனிதர்களைவிட ஊர் பெரிதாகிவிடும். பாண்டியனோடும் சந்திரசேகரனோடும் இவ்வளவு நெருங்கிப் பழகிய கையோடு, ஒரு நகரத்தை நாயகனாக ஏற்க எனக்கு இப்போது மனமில்லை.

அதனால் 'அஞ்ஞாடி'. பூமணியின் 'வெக்கை'யைப் படித்தவர்களுக்கு என் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஒரு கொலை, ஒரு தகப்பன், ஒரு மகன், காட்டில் எட்டு நாட்கள். அவ்வளவுதான் அந்த நாவல். அந்த எட்டு நாட்களில் அவர்கள் என்ன சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்பதை அவர் சொல்லும் பொறுமையில்தான் கொலையின் பின்னாலிருக்கும் அநியாயம் முழுதாகத் தெரிகிறது. அப்படி எட்டு நாட்களுக்குள் ஒடுங்கி எழுதியவர் 'அஞ்ஞாடி'யில் நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்தைக் கையில் எடுக்கிறார். கரிசல் மண்ணின் கலிங்கல் கிராமம், அங்கே ஆண்டி என்ற விவசாயி, மாரி என்ற சலவைத் தொழிலாளி, இருவரின் நட்பு. அங்கிருந்து 1895இன் கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899இன் சிவகாசிக் கலவரத்துக்கும் கதை விரிகிறது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது அந்த நட்புதான். பாண்டியனும் சந்திரசேகரனும் அடிப்படையில் தனியாட்கள். ஒருவன் ஊரைவிட்டு வந்தவன், மற்றவன் ஊருக்குள்ளேயே ஒட்டாதவன். அரசுகள் சரியும்போது அவர்கள் தங்கள் ஒரு உயிரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடலாம். நிலத்தோடும் தொழிலோடும் சாதியோடும் கட்டுண்டு ஓட முடியாதவர்களின் மேல் அதே கலவரம் இறங்கினால் என்ன ஆகும்? அவர்கள் மறுநாள் காலையில் அதே வீட்டு அழுக்குத் துணியை வெளுக்கப் போக வேண்டுமே. இதைத்தான் பூமணியிடம் தேடிப் போகிறேன். கலவரத்துக்கு முந்தைய பகுதிகள் நீளமானவை, நடவும் அறுப்பும் சொலவடையும் நிறைந்தவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்த நீளத்துக்காகவே மெதுவாக வாசிக்கப்போகிறேன், கரிசல் வழக்குச் சொற்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு.

'அஞ்ஞாடி' முடிந்தபின் வரிசை மாறலாம். சிவகாசியிலும் கழுகுமலையிலும் கூட்டமாக நிற்கும் மனிதர்களோடு பழகிவிட்டால், தாதனூரின் கூட்டத்துக்குள் நுழைவது எளிதாகும் என்று தோன்றுகிறது. அப்போது 'காவல் கோட்டம்' முந்திக்கொள்ளும், 'கொற்கை' கடைசியாக வரும்.