மைக் இல்லாத மேடையில் டிராம்போன் மியூட்: ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் பிக் பேண்டில், அதாவது பெரிய ஜாஸ் குழுவில், 17 பேர். ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கித்தார், பேஸ், டிரம்ஸ். எதற்கும் மைக் கிடையாது. ஒன்பது ஆண்டுகளாக இரண்டாம் டிராம்போன் வாசிக்கிறேன். அந்த இருக்கைக்குத்தான் சோலோக்கள் அதிகம் வரும்.

மியூட் என்பது ஒலியை மாற்ற டிராம்போனின் விரிந்த முனையில் செருகும் அல்லது பிடிக்கும் அடைப்பு. நான் முதலில் வாங்கியது கப் மியூட். வீட்டு அறையில் அதன் இழைந்த குரலில் மயங்கிப்போனேன். மேடையில் எழுந்து நின்று வாசித்த முதல் சோலோ ஐந்தாம் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை என்று மனைவி சொன்னார். கருவியின் விரிந்த முனையைக் கிண்ணம் மூடி நிற்பதால் ஒலியின் கூர்மைதான் முதலில் அடங்குகிறது. சாக்ஸபோன்களைத் தாண்டிப் போக வேண்டியதும் அந்தக் கூர்மைதான். பக்கெட் மியூட் இன்னும் மெத்தென்றது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் மெல்லிய பின்னணிக்கு இரண்டும் அருமை. சோலோவுக்கு இனி எடுக்க மாட்டேன்.

அலுமினிய ஸ்ட்ரெய்ட் மியூட் கடைசி வரிசை வரை போகிறது. சுருதி சற்று ஏறும்; ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் குழாயை) கொஞ்சம் நீட்டினால் சரியாகிவிடும். கீழ் ஸ்தாயியில் சுரங்கள் தடுமாறுவதால் நடு ஸ்தாயிக்கு மேலேயே வாசிக்கிறேன். புதிய மியூட்டின் தக்கைகளை உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்துங்கள். அதிகம் தேய்த்துவிட்டால் கச்சேரி நடுவில் கழன்று விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

நான் மனம் கொடுத்தது பிளஞ்சருக்குத்தான். கைகழுவும் தொட்டியின் அடைப்பு எடுக்கும் அதே ரப்பர் கிண்ணம், குச்சி இல்லாமல். 1926 முதல் 1946இல் இறக்கும் வரை ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் குழுவில் வாசித்த 'டிரிக்கி சாம்' நான்டன், உள்ளே ஒரு சிறிய ஸ்ட்ரெய்ட் மியூட்டைச் செருகி, வெளியே பிளஞ்சரை மூடித் திறந்து, மனிதன் பேசுவது போலவே டிராம்போனைப் பேச வைத்தார். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்தான் நானும் பழகினேன். உள்ளிருக்கும் மியூட் ஒலியைக் கூராக்குகிறது. ரப்பர் விலகும் நொடியில் அது வெளியே பாய்கிறது. ஒரே அளவில் நீளும் சத்தத்தை விட மூடித் திறக்கும் அந்த மாற்றத்தையே காது பிடித்துக்கொள்கிறது. மைக் இல்லாமலே எட்டுவதன் ரகசியம் இதுதான் என்று நம்புகிறேன். வலது கை ஸ்லைடில் இருக்கும். ஆகவே பிளஞ்சர் வேலை முழுவதும் இடது கைக்கு. கருவியின் எடை இடது தோளில் சாயும். அது பழக எனக்கு ஓராண்டு பிடித்தது.

எந்த மியூட் ஆனாலும் பின்னால் வாசிப்பவர்கள் இடம் விட்டால்தான் பலன். டிரம்ஸ் வாசிப்பவர் குச்சிகளை வைத்துவிட்டுப் பிரஷ்களை எடுக்க உடனே சம்மதித்தார். சாக்ஸபோன்களைக் குறைக்கச் சொல்லி இசைக்குழு நடத்துநரிடம்தான் இரண்டு ஆண்டுகள் கேட்க வேண்டியிருந்தது. இப்போது என் சோலோவின் முதல் எட்டு பார்களில் (தாளக் கட்டங்களில்) சாக்ஸபோன்களின் பின்னணி வரிகள் பென்சிலால் அடித்து நீக்கப்பட்டிருக்கின்றன.