ஏபிஎஸ் பட்டியா, மர ஓரமா? ஸ்டெயின் ஏற்றும் கிடாருக்கு எது தோது

வீட்டில் செய்யும் எலெக்ட்ரிக் கிடாரின் மேப்பிள் மேல்பலகைக்கு நீலமோ கருஞ்சிவப்போ ஏற்றப் போகிறீர்கள் என்றால், ஓரத்துக்கு மூன்று வழி: பிளாஸ்டிக் பைண்டிங் (விளிம்பைச் சுற்றி ஒட்டும் மெல்லிய பட்டி), மரப் பைண்டிங், அல்லது பட்டியே ஒட்டாமல் பலகையின் விளிம்பை மட்டும் சாயம் படாமல் விட்டுவிடுவது. கடைசியதை பி.ஆர்.எஸ். (பால் ரீட் ஸ்மித்) நிறுவனக் கிடார்களில் பார்த்திருப்பீர்கள். மூன்றும் அழகுதான், செலவும் முடிவை மாற்றிவிடாது. என் ஓட்டு வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டிக்கு. காரணம் ஒன்றே: சாயம் பட்ட பிறகு ஓரத்தைச் சுத்தமாக மீட்க முடியுமா?

மரப் பட்டியில் அது பெரும்பாடு. மேப்பிள் பட்டியும் மேல்பலகையும் ஒரே தாகத்தோடு சாயத்தைக் குடிக்கும்; உள்ளே இறங்கிய நிறம் சுரண்டினாலும் போகாது. முன்கூட்டியே பட்டிக்கு ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிக் காப்பாற்றலாம். ஆனால் தூரிகை ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் பலகையில் வெளிறிய கோடு விழும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயமாக இருந்தால் அது ஷெல்லாக்கையே கரைத்துவிடும். பட்டி ஒட்டாத விளிம்புக்கும் இதே கதி: டேப்புக்கு அடியில் நார் வழியே சாயம் ஊர்ந்துவிடும். எல்லைக்கோட்டைக் கூரான கத்தியால் கீறி நாரை அறுத்துவிட்டால் ஊர்வது குறையும், முழுக்க நிற்காது. மரப் பட்டியைச் சூட்டில் வளைப்பதில் எனக்குப் பழக்கம் குறைவு. அதில் கை தேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

இன்னொரு பிளாஸ்டிக் பட்டியான செல்லுலாய்டை இரண்டே வரியில் முடித்துவிடலாம். சுரண்ட இதம், பார்க்க அருமை. ஆனால் வருடங்கள் போகப்போகச் சுருங்கி, இடுப்பு வளைவில் உடலை விட்டுப் பிரியும். எளிதில் தீயும் பற்றும்.

ஏபிஎஸ்ஸுக்கு வருவோம். 1.5 மி.மீ. பட்டிக்கு ரவுட்டரில் (மரத்தைக் குடையும் இயந்திரம்) பேரிங் பிட் வைத்து 1.4 மி.மீ. பள்ளம் எடுங்கள். பட்டி ஓர் இழை வெளியே நின்றால் பிறகு சுரண்டிச் சமன் செய்யலாம். உள்ளே போய்விட்டால் மரத்தைத்தான் தேய்க்க வேண்டிவரும். கொம்பு வளைவுகளுக்கு ஹீட் கன்னால் இளக்கி, முன்னதாகவே வளைத்து வையுங்கள். ஒட்டும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு டேப் இழுத்துக் கட்டுங்கள்.

கெடுவது பெரும்பாலும் பசையில்தான். சூப்பர் க்ளூ நீர்போல ஓடி, பள்ளத்தை ஒட்டிய மரத்துக்குள் இறங்கிவிடும். அந்த இடத்தில் சாயம் பிடிக்காது, ஓரம் நெடுக வெளிறிய திட்டுகள் தெரியும். ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்துத் தேன் பதத்துக்குக் கரைத்த பசை அவ்வளவு ஆழம் போகாது. அதுவும் மேலே பிதுங்கினால் நார்க்குழிகளை வெள்ளையாக அடைக்கும் என்பதால், ஒட்டுவதற்கு முன் பலகையின் விளிம்புவரை டேப் ஒட்டுங்கள். சமன் செய்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஓரத்தைத் துடைத்தால், பசை உள்ள இடம் நனையாமல் வெளிறித் தெரியும். அதை ஸ்க்ரேப்பரால் எடுத்துவிட்டுத்தான் சாயம். இந்தச் சோதனையைத் தயவுசெய்து விடாதீர்கள். நம்மூர் டர்பன் (தென்னாப்பிரிக்கா) கடைகளில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் இதற்கு வேண்டாம். வெளிர்ச் சாயத்தில் அதன் நிறமும் சேரும்.

சாயத்தில் நான் நீரில் கரைவதையே சொல்வேன். ஸ்பிரிட் சாயம் சட்டென்று உலர்வதால் துணி போன தடம் பட்டை பட்டையாகத் தங்கும். நீர்ச்சாயம் நாரை எழுப்பும், அவ்வளவுதான்: 220 உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் 320-ஆல் லேசாகத் தடவினால் தீர்ந்தது.

சாயம் ஏற்றியதும் ஓரத்தைச் சுத்தம் செய்ய அவசரப்படாதீர்கள். ஸ்பிரிட் துணியால் துடைத்தால் பலகையின் நிறம் கரைந்து பட்டி மேல் இழுபடும். முதலில் மெல்லிய லாக்கர் இரண்டு கை அடித்து நிறத்தைப் பூட்டுங்கள். பிறகு புது பிளேடின் இரு பக்கமும் டேப் சுற்றி, நடுவே சரியாகப் பட்டியின் அகலம் மட்டும் வெட்டுமுனை தெரியவிட்டு, செங்குத்தாகப் பிடித்து இழுங்கள். நீலம் சுருள் சுருளாக உதிர, கீழே வெள்ளை பளிச்சென்று வரும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது போடும் கீறல்களில் சாயத்தூள் புகுந்து ஓரம் அழுக்கேறிவிடும்.

மேல்பூச்சு நைட்ரோ லாக்கர் என்றால் மெல்லியதாக, பல கைகளாக அடியுங்கள். சொட்டச்சொட்ட அடித்தால் தின்னர் ஏபிஎஸ்ஸை இளக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் கேரேஜில் அடிப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைப் புழுக்கத்தில் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்புகை பூக்கும். மரவேலையை அந்த மாதங்களில் முடித்து வைத்துவிட்டு, லாக்கரை ஜூன், ஜூலையின் காய்ந்த பகல்களுக்கு ஒதுக்குங்கள்.